காப்பி எங்கிருந்து வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காப்பியின் கதையை யார் சொன்னாலும் ஆட்டில்தான் ஆரம்பிப்பார்கள். துள்ளிக் குதித்த ஆடு, அதைப் பார்த்து வியந்த இடையன், அவன் கொண்டுபோய்க் கொடுத்த பழத்தை நெருப்பில் எறிந்த துறவி. கதை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆட்டை ஓரமாகக் கட்டிவிட்டுப் பார்த்தால் தெரிகிற வரலாறு அதைவிட ருசியானது என்பது என் கட்சி. பலரும் கேட்ட கேள்விகளை இங்கே வரிசையாக வைத்திருக்கிறேன். எந்த பிராண்டு நல்லது, சிக்கரி எத்தனை சதவீதம் என்கிற சண்டைக்கெல்லாம் இங்கே இடம் கிடையாது.

காப்பிச் செடியின் சொந்த ஊர் எது? 'அராபிகா' என்றால் அரேபியாதானே?

பெயர் நம்மை ஏமாற்றுகிறது. 1753-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் அந்தப் பெயரை வைத்தபோது ஐரோப்பாவுக்குக் காப்பி அரேபியா வழியாக வந்துகொண்டிருந்தது. வந்த வழியையே பிறந்த வீடு என்று எழுதிவிட்டார். யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் அராபிகா தானாக முளைப்பது எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடுகளில். கஃபா, ஜிம்மா என்று வரைபடத்தில் தேடிப் பாருங்கள். பெரிய மரங்களின் நிழலில் ஒல்லியாக, கை கால் நீட்டி நிற்கும். எல்லை தாண்டி தெற்கு சூடானின் போமா மேட்டுநிலத்திலும் காட்டுச் செடி உண்டு.

அராபிகா ஒரு கலப்புக் குழந்தை. நாம் ரோபஸ்டா என்று சொல்லும் இனமும், யூஜெனியாய்டிஸ் என்ற இன்னொரு ஆப்பிரிக்க இனமும் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு தாமாகவே கலந்து பிறந்தது. மற்ற காப்பி இனங்களுக்கு 22 குரோமோசோம், இதற்கு 44. தன் மகரந்தத்தைக் கொண்டு தானே காய்த்துக்கொள்ளும் குணமும் இதற்கு உண்டு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நமக்குப் பழக்கமான சொந்தக்காரர்களும் காப்பிக்கு உண்டு. வீட்டு வாசலில் சிவப்பாகப் பூக்கும் இட்லிப்பூ, வயல் வரப்பில் நிற்கும் நுணா இரண்டும் இதே குடும்பம்தான். ஆனால் காப்பிப் பூவைப் பார்த்தால் மல்லிகை ஞாபகம்தான் வரும். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரீஸில் இதை ஆராய்ந்த ஆந்துவான் த ஜூஸ்யூவுக்கும் அப்படியே தோன்றியிருக்கிறது. அவர் இதை 'அரேபிய மல்லிகை' என்றே வகைப்படுத்தினார்.

அப்படியானால் ஆட்டிடையன் கல்டி கதை பொய்யா?

பொய் என்பதைவிட, ரொம்பப் பிந்தி வந்த கதை என்று சொல்லலாம். இது முதலில் அச்சில் வந்தது 1671-இல், ரோமில். எழுதியவர் அங்கே பேராசிரியராக இருந்த மாரோனைட் கிறிஸ்தவர் ஃபாஸ்டஸ் நைரோன். அதற்குள் மனிதர்கள் காப்பி குடிக்க ஆரம்பித்து இருநூறு வருஷம் ஓடிவிட்டது. அவர் சொன்ன கதையில் இடையனுக்குப் பெயரே கிடையாது. மேய்ந்தது ஆடா ஒட்டகமா என்பதிலும் அவருக்கு உறுதி இல்லை. சம்பவம் நடந்த இடமும் எத்தியோப்பியா இல்லை, யேமன். கல்டி என்ற பெயர், எத்தியோப்பிய மலை, ஆட்டம் போடும் ஆடு எல்லாம் சொல்லச் சொல்ல ஒட்டிக்கொண்டவை.

எத்தியோப்பியாவில் முதலில் காப்பியைக் குடித்தார்களா, தின்றார்களா?

இரண்டும் உண்டு. ஒரோமோ மக்களிடம் காப்பிக்கொட்டையை வெண்ணெயில் வறுத்துத் தின்னும் வழக்கம் இன்றும் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் அங்கே போன ஸ்காட்லாந்துப் பயணி ஜேம்ஸ் புரூஸ், பொடித்த காப்பியை வெண்ணெயில் பிசைந்து உருண்டை பிடித்து நெடும்பயணத்துக்கு எடுத்துப்போகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். நம்மூரில் கட்டுச்சோறு மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன். இலையைக் காய்ச்சிக் குடிப்பதும், பழத்தின் தோலைக் காய்ச்சிக் குடிப்பதும் உண்டு.

இன்று எத்தியோப்பிய வீட்டில் காப்பிக்கு உட்கார்ந்தால் அவசரமாக எழுந்திருக்க முடியாது. பச்சைக் கொட்டையைக் கழுவி, கரி அடுப்பில் தட்டையான சட்டியில் உங்கள் கண் முன்னாலேயே வறுப்பார்கள். புகை எழும்பியதும் சட்டியைத் தூக்கி ஒவ்வொருவர் முகத்தருகேயும் காட்டுவார்கள். கற்பூர ஆரத்திக்குக் கை நீட்டுகிற மாதிரி நாம் அந்த மணத்தை இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். பிறகு உரலில் இடித்து, ஜெபனா என்ற கழுத்து நீண்ட மண் கூஜாவில் கொதிக்கவிட்டு, கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணங்களில் ஊற்றுவார்கள். அதே தூளில் தண்ணீர் விட்டு மூன்று சுற்று. அபோல், தோனா, பரக்கா என்று ஒவ்வொன்றுக்கும் பெயர். மூன்றாவதற்கு ஆசீர்வாதம் என்று பொருள். தண்ணியாகத்தான் இருக்கும், ஆனாலும் அதைக் குடிக்காமல் கிளம்புவது மரியாதை இல்லை.

ஆனால் இந்தச் சடங்கைப் பார்த்துவிட்டு 'ஆதிகாலத்திலிருந்தே இப்படித்தான்' என்று நினைத்துவிடக் கூடாது. எத்தியோப்பியக் கிறிஸ்தவர்கள் நெடுங்காலம் காப்பியை முஸ்லிம்களின் பானம் என்று ஒதுக்கியே வைத்திருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அந்த விலக்கம் தளர்ந்தது.

சரி, காய்ச்சிக் குடிக்கும் காப்பிக்கு எழுத்தில் சாட்சி எப்போது கிடைக்கிறது?

15-ஆம் நூற்றாண்டின் நடுவில், யேமனில், இஸ்லாமிய ஞானவழியினரான சூஃபிகளிடம். காப்பி வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

நமக்குக் கிடைத்திருக்கும் முக்கியமான சாட்சி அப்துல் காதிர் அல்-ஜஸீரி 1558-ஐ ஒட்டி எழுதிய அரபு நூல். காப்பி குடிப்பது மார்க்கத்துக்கு உகந்ததா என்ற வழக்கில் காப்பியின் பக்கம் வாதாடும் நூல் அது. தனக்கு முன்பிருந்த ஒருவர் எழுதியதை மேற்கோள் காட்டி அவர் சொல்லும் செய்தி இது: ஏடனில் ஜமாலுத்தீன் அத்-தபானி என்று ஒரு மார்க்க அறிஞர் இருந்தார். ஏதோ காரியமாகச் செங்கடலுக்கு அந்தப் பக்கம், ஆப்பிரிக்கக் கரைக்குப் போனவர், அங்கே மக்கள் காப்பியைப் பயன்படுத்துவதைப் பார்த்தார். அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஊர் திரும்பிய பிறகு உடம்பு சரியில்லாமல் போனபோது அது ஞாபகம் வர, குடித்துப் பார்த்தார். அசதியும் தூக்கக் கலக்கமும் போயின. பிறகு சூஃபி வழியில் இறங்கியதும், இரவு முழுக்க விழித்திருந்து திக்ர் செய்ய, அதாவது இறைவன் பெயரை ஓத, தோதாக இருக்கிறதென்று தன் கூட்டத்தாரோடு சேர்ந்து குடிக்க ஆரம்பித்தார். அவர் இறந்தது 1470-இல். யேமன் துறைமுகமான மோக்காவின் ஊர்க்காரர்களைக் கேட்டால் தபானியை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தங்கள் ஊரில் அடங்கியிருக்கும் அலி இப்னு உமர் ஷாதிலிதான் காப்பியின் தந்தை என்பார்கள்.

யார் முதல் என்பதைவிட, எப்படிக் குடித்தார்கள் என்ற விவரம்தான் என்னைக் கவர்ந்தது. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெய்ரோவின் அல்-அஸ்ஹர் பள்ளிவாசல் கல்விக்கூடத்தில் யேமன் மாணவர்கள் தங்கும் பகுதி ஒன்று இருந்தது. அங்கே திங்கள், வெள்ளி இரவுகளில் சிவப்பு மண்ணால் ஆன பெரிய பானை நிறையக் காப்பி இருக்கும். கூட்டத்தின் தலைவர் சின்ன அகப்பையால் மொண்டு வலப்பக்கமாக ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டே வருவார். வாய்கள் இறைவன் பெயரை ஓதிக்கொண்டே இருக்கும். பள்ளிவாசலுக்கு வந்திருந்த பொதுஜனங்களும் அதில் பங்குகொண்டார்கள். கோயிலில் வரிசையில் நின்று தீர்த்தம் வாங்கியவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை.

அவர்கள் குடித்தது இன்றைய காப்பி மாதிரியே இருந்திருக்குமா?

பாலைக் கனவிலும் நினைக்க வேண்டாம். கொட்டையை வறுத்துக் காய்ச்சியதும் உண்டு, காய்ந்த பழத்தோலைக் காய்ச்சியதும் உண்டு. இரண்டாவதற்கு 'கிஷ்ர்' என்று பெயர். யேமனில் இன்றும் கொட்டைக் காப்பியைவிட வீடுகளில் அதிகம் புழங்குவது இதுதான். இஞ்சி தட்டிப் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். பார்க்கத் தேநீர் நிறம். நல்ல காசு தரும் கொட்டையை விற்றுவிட்டுத் தோலை வீட்டுக்கு வைத்துக்கொள்ளும் விவசாயியின் கணக்கு இதில் இருப்பதாக எனக்குத் தோன்றும்.

காப்பி என்ற பெயர் எத்தியோப்பியாவின் கஃபா பகுதியிலிருந்து வந்ததா?

அப்படிச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. எத்தியோப்பியாவில் காப்பிக்குப் பெயர் 'புனா'. அரபியில் கொட்டைக்குப் பெயர் 'புன்'. பானத்துக்கு மட்டும் 'கஹ்வா'. இந்தச் சொல் காப்பிக்கு முன்பே அரபியில் இருந்தது, மதுவுக்கு வழங்கிய பெயர்களில் ஒன்றாக. மதுவின் பெயரைப் போட்டுக்கொண்டு மார்க்கத்தாரிடம் போய் நின்ற பானத்துக்கு வம்பு வந்ததில் என்ன ஆச்சரியம்!

கஹ்வா துருக்கியில் கஹ்வே ஆகி, டச்சில் கோஃபி, ஆங்கிலத்தில் காஃபி என்று கரை கரையாக உரு மாறியது. நாம் காப்பி என்கிறோம், இலங்கைத் தமிழர் கோப்பி என்கிறார்கள். இலங்கைக் கரையை டச்சுக்காரர்கள் ஆண்ட காலத்தை நினைத்துக்கொண்டு அந்த 'கோ'வைக் கேட்டுப் பாருங்கள். இன்னொன்று: ஆங்கிலத்தில் இதை அவரை, மொச்சை வகையில் சேர்த்து 'பீன்' என்கிறார்கள். பழத்துக்குள் இருக்கும் விதையைக் கொட்டை என்று சொல்லும் தமிழே இங்கே சரி.

காப்பியைத் தடை செய்தார்களாமே?

பல முறை, பல ஊரில். முதலில் பெரிதாகப் பேசப்பட்டது மெக்கா, 1511.

அப்போது மெக்காவில் சந்தையையும் பொது ஒழுக்கத்தையும் கவனித்துக்கொண்டவர் காயிர் பேக், கெய்ரோவிலிருந்து ஆண்ட மம்லூக் அரசின் அதிகாரி. ஒரு ராத்திரி, பெரிய பள்ளிவாசல் அருகே விளக்கு வைத்துக்கொண்டு சிலர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். இவரைக் கண்டதும் அவர்கள் விளக்கை அணைத்துவிட்டார்கள். அணைக்காமல் இருந்திருந்தால் வரலாறே மாறியிருக்குமோ என்னவோ. விசாரித்தால், காப்பி குடித்துக்கொண்டிருந்தார்களாம். மறுநாள் மார்க்க அறிஞர்களைக் கூட்டி, ஒரு பெரிய பாத்திரம் நிறையக் காப்பியைச் சாட்சிப் பொருளாக நடுவில் வைத்து விசாரணை நடத்தினார். இரண்டு வைத்தியர்கள் வந்து இது உடம்புக்குக் கேடு என்று சாட்சி சொன்னார்கள். தடை வந்தது. கொட்டைகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள், விற்றவர்களுக்கும் குடித்தவர்களுக்கும் அடி விழுந்தது.

விவரம் கெய்ரோவுக்குப் போனது. சுல்தான் கான்சூ அல்-கௌரியின் அரசிடமிருந்து வந்த பதில் காயிர் பேக் எதிர்பார்த்த மாதிரி இல்லை. காப்பியைச் சாக்கு வைத்துக் கூடிக் கூத்தடிப்பதைத் தடுக்கலாம், பானத்தை அடியோடு விலக்க வேண்டியதில்லை என்ற பாணியில் இருந்தது. அடுத்த ஆண்டே காயிர் பேக்கின் இடத்துக்கு வேறொருவர் வந்தார். மெக்கா மறுபடியும் காப்பி குடித்தது.

1530-களில் கெய்ரோவில் ஒரு மத போதகரின் பேச்சைக் கேட்டு ஆவேசப்பட்ட கூட்டம் காப்பிக்கடைகளை அடித்து நொறுக்கியபோது, வழக்கு நீதிபதியிடம் போனது. அவர் புத்திசாலி. தன் வீட்டிலேயே காப்பி போடச் சொல்லி, வந்தவர்களுக்குக் கொடுத்து, நெடுநேரம் அவர்களோடு பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். யாரும் உளறவில்லை, தள்ளாடவில்லை. காப்பி பிழைத்தது.

இந்தத் தடைகளில் பயம் பானத்தைப் பற்றியது மாதிரி தெரியவில்லை. வீட்டுக்கு வெளியே, ராத்திரியில், மது இல்லாமலே நாலு பேர் உட்கார்ந்து பேசுவதற்கு அதற்கு முன்பு இடமே கிடையாது. அதுதான் உறுத்தியிருக்கிறது. 1633-இல் இஸ்தான்புல்லில் சுல்தான் நான்காம் முராது காப்பிக்கடைகளை மூடியதும் இதே கவலையில்தான். 1675 டிசம்பர் 29 அன்று இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் காப்பிக்கடைகளை மூட அறிவிப்பு வெளியிட்டார். எதிர்ப்பு கிளம்பியதும், அமலுக்கு வருவதற்குள்ளேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

முதல் காப்பிக்கடை எது?

மெக்காவிலும் கெய்ரோவிலும் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கடைகள் இருந்தன. பெயரோடு தெரிந்த கடைக்காரர்கள் என்றால் இஸ்தான்புல்லுக்குப் போக வேண்டும். 1550-களின் நடுவில் அலெப்போவிலிருந்து ஹகம் என்பவரும், டமாஸ்கஸிலிருந்து ஷம்ஸ் என்பவரும் வந்து தஹ்தகலே பகுதியில் கடை போட்டார்கள் என்று உதுமானிய வரலாற்றாசிரியர் பெச்செவி எழுதியிருக்கிறார். புத்தகம் படிப்பவர்கள், சொக்கட்டான், சதுரங்கம் ஆடுபவர்கள், புதுக் கவிதையோடு வந்து உட்காரும் கவிஞர்கள், வேலை தேடும் அதிகாரிகள் எல்லாம் அங்கேதான்.

'மோக்கா' என்றால் சாக்லேட் போட்ட காப்பி இல்லையா?

அந்தப் பொருள் பிறகு வந்தது. மோக்கா யேமனின் செங்கடல் கரையில் இருக்கும் ஒரு துறைமுகம். கொளுத்தும் வெயில், மணல். ஒரு காப்பிச் செடிகூட அங்கே வளராது. செடி நின்றது உள்ளே மலைச்சரிவில், படிக்கட்டு மாதிரி வெட்டிய வயல்களில். கொட்டை ஒட்டகத்தில் இறங்கி பைத்துல் ஃபகீஹ் என்ற ஊர்ச் சந்தைக்கு வரும். அங்கே பேரம், எடை, வரி எல்லாம் முடிந்து கரைக்குப் போகும். மோக்காவில் தரகு வேலையிலும் வட்டிக் கடையிலும் குஜராத்தி பனியாக்கள் வலுவாக இருந்தார்கள். ஐரோப்பியக் கப்பல்காரர்களுக்கு முந்தியே செங்கடல் வணிகத்தின் நெளிவுசுளிவு அவர்களுக்கு அத்துப்படி.

வேற்று நாட்டில் முளைக்கக் கூடாதென்று அரேபியர்கள் கொட்டையை வேகவைத்துத்தான் விற்றார்களாமே?

எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் அவ்வளவு மெனக்கெட வேண்டிய அவசியமே இல்லை. காப்பி விதைக்கு முளைக்கும் சக்தி சில மாதங்கள்தான். நன்றாகக் காய்ந்து, மேல்தோல் போய், சந்தையில் கிடந்து, கப்பலில் வெந்து வரும் கொட்டையை நட்டால் பெரும்பாலும் மண்தான் மிஞ்சும். யேமனின் ஏகபோகத்தைப் பெருமளவு காத்தது விதையின் இந்தக் குணம்.

பாபா புடன் ஏழு கொட்டை கொண்டுவந்தது?

ஹஜ் போய்த் திரும்பிய சூஃபி ஞானி பாபா புடன், யேமனிலிருந்து ஏழு காப்பி விதைகளை உடம்போடு கட்டி மறைத்துக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் நட்டார் என்பது நம்பிக்கை. 17-ஆம் நூற்றாண்டு, பெரும்பாலும் 1670-ஐ ஒட்டி என்று சொல்வார்கள். மலைக்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது. அங்குள்ள குகைத்தலத்தை முஸ்லிம்களும், தத்தாத்ரேயர் பீடம் என்று இந்துக்களும் வணங்குகிறார்கள்.

கொட்டை ஏழா எழுபதா என்று நான் சண்டை போட மாட்டேன். ஏழு நல்ல எண். ஆனால் கதைக்குப் பின்னால் ஒரு உண்மை அசையாமல் நிற்கிறது: 1696-இல் டச்சுக்காரர்கள் ஜாவாவுக்குக் காப்பி நாற்று அனுப்பியது நம் மலபார்க் கரையிலிருந்து. அப்படியானால் அதற்கு முன்பே யாரோ இங்கே உயிருள்ள விதையைக் கொண்டுவந்து வளர்த்திருக்கிறார்கள். முதல் முறை அனுப்பியது ஜாவாவில் வெள்ளத்தில் போனது. 1699-இல் மறுபடி அனுப்பியது வேர் பிடித்தது.

உலகக் காப்பி முழுக்க ஒரே செடியின் வாரிசு என்கிறார்களே?

ஏறக்குறைய அப்படித்தான். முழுக்க என்று சொல்ல மாட்டேன்.

ஜாவாவிலிருந்து 1706-இல் ஒரு செடி ஆம்ஸ்டர்டாம் தாவரவியல் தோட்டத்துக்குப் போனது. கண்ணாடி வீட்டுக்குள் வைத்துக் குழந்தை மாதிரி வளர்த்தார்கள். அதன் வாரிசு ஒன்றை 1714-இல் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயிக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். பாரீஸ் தோட்டத்தில் வளர்ந்த அந்த வம்சத்தில் வந்த ஒரு கன்றை 1720-களின் தொடக்கத்தில் கப்ரியேல் த க்ளியூ என்ற கடற்படை அதிகாரி கரீபியக் கடலின் மார்த்தினீக்கு எடுத்துப்போனார். வழியில் குடிதண்ணீர் பற்றாக்குறை வர, தனக்கு அளந்து கொடுத்த தண்ணீரைச் செடியோடு பங்குபோட்டுக்கொண்டதாக அவரே எழுதிவைத்திருக்கிறார். இன்னொரு பக்கம் டச்சுக்காரர்கள் சுரினாமில் நட்டது பிரெஞ்சு கயானாவுக்குத் தாவி, 1727-இல் போர்த்துகீசிய அதிகாரி பிரான்சிஸ்கோ த மெலோ பல்யெட்டா மூலம் பிரேசிலுக்குள் நுழைந்தது. பிரெஞ்சு கயானா ஆளுநரின் மனைவி பூங்கொத்துக்குள் விதையை ஒளித்துக் கொடுத்தார் என்பது பிரேசில்காரர்களின் ஆட்டிடையன் கதை.

தானே காய்க்கும் குணம் என்று முன்னால் சொன்னேனே, அது இல்லாவிட்டால் ஒற்றைச் செடி கடல் தாண்டிப் போய்ப் பயனே இல்லை. இந்த வழியில் பரவிய வகை டிப்பிகா. யேமனிலிருந்து நேராக, 1715 வாக்கில், ரீயூனியன் தீவுக்குப் போன வகை போர்பன். உலகில் பயிராகும் அராபிகாவில் பெரும்பங்கு இந்த இரண்டின் பிள்ளை பேரன்கள்தான். இவ்வளவு குறுகிய வம்சம் என்பதால் ஒரு நோய் வந்தால் எல்லாவற்றுக்கும் வரும். 1869-இல் இலங்கைத் தோட்டங்களில் கண்ணில் பட்ட இலைத்துரு நோய், அடுத்த இருபது வருஷத்துக்குள் அங்கே காப்பியையே துடைத்துவிட்டது. தமிழ் மாவட்டங்களிலிருந்து மன்னார் வழியாக நடந்தே போய் அந்தக் காப்பித் தோட்டங்களை உண்டாக்கிய கூலி மக்கள், அதன் பிறகுதான் தேயிலைக்கு மாறினார்கள். மலையகத்தின் கதை காப்பியில் தொடங்கியது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஐரோப்பாவுக்கு எப்படிப் போனது?

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இந்தப் பகுதி எங்கும் கிடைக்கும். ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க் நகர மருத்துவர் ரவுவோல்ஃப் 1573-இல் அலெப்போவில் மக்கள் மைபோலக் கறுத்த ஒன்றைச் சுடச்சுடக் குடிப்பதைப் பார்த்து எழுதினார். லண்டனில் முதல் கடையை 1652-இல் பாஸ்குவா ரோஸே தொடங்கினார், ஒரு வணிகர் துருக்கியின் ஸ்மிர்னாவிலிருந்து கூட்டிவந்த பணியாள் அவர். வியன்னாவில் 1683 முற்றுகைக்குப் பிறகு துருக்கியர் விட்டுப்போன மூட்டைகளைக் கொண்டு ஒரு வீரர் கடை திறந்தார் என்பது இன்னொரு ஆடு. பதிவேட்டில் இருப்பது 1685-இல் உரிமம் வாங்கிய ஆர்மீனியர் தியோதாத்தோ.

தமிழ்நாட்டில் காப்பிச் செடியைப் பார்க்க முடியுமா?

தாராளமாக. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் நட்டதிலிருந்து ஏற்காட்டில் காப்பி இருக்கிறது. கீழ்ப் பழநி மலையில் தாண்டிக்குடி, பன்றிமலைப் பக்கமும் போகலாம். மார்ச், ஏப்ரலில் முதல் கோடை மழை விழுந்து எட்டுப் பத்து நாள் கழித்துப் போனால் கிளையெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கும். மூன்று நாளில் வாடிவிடும், அதனால் மழைச் செய்தியைப் பார்த்துக் கிளம்புங்கள். டிசம்பர், ஜனவரியில் போனால் பழம். தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஒன்றைப் பறித்து வாயில் போடுங்கள். சதை மெல்லிசாக, லேசான இனிப்பாக இருக்கும். உள்ளே வழவழவென்று பசை, அதற்குள் தட்டைப் பக்கம் ஒட்டிக்கொண்டு இரண்டு கொட்டை. சில பழத்தில் ஒன்றே ஒன்று உருண்டையாக இருக்கும். காப்பித்தூள் கடையில் பீபெரி என்று கூடுதல் விலை சொல்கிறார்களே, அது இதுதான்.